முப்பது வருடம் கராச்சிலை நின்ற மொறிஸ் மைனர்

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழமையாகப் பேசுகிறவர்கள் ஆசிரியர்மார், டொக்டர்மார், நாலு புத்தகம் எழுதினவர்கள். நான் ஏ.எல். எடுத்ததோடு படிப்பை விட்டவன். பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. செயலாளர் அண்ணை போன மாதம் தொலைபேசி எடுத்து, "தம்பி, நீர் ஏதோ பழைய கார் ஒண்டு திருத்தினீராம், அதைப்பற்றி ஒருக்கா வந்து கதையும்" என்றார். "காரைப்பற்றிக் கதைக்க என்ன அண்ணை இருக்கு?" என்று கேட்டேன். "பட்டிமன்றக்காரர் வரேல்லையாம், நேரத்தை நிரப்பவேணும்" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு நன்றி.

என்னோடு ஒரு வெள்ளைக்கார மனிதர் வேலை செய்தவர். இப்ப ஓய்வெடுத்துவிட்டார். 2023 ஆவணியில் ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில், தாயார் இறந்துபோனார், அவர் வாடகைக்கு எடுத்திருந்த கராச்சைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், உள்ளே ஒரு பழைய மொறிஸ் மைனர் நிற்கிறது, இரும்புக்காரனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னார். தாயாருக்குக் கண் மங்கி, 1993இல் ஓட்டத்தை விட்டாவாம். அன்று பூட்டின கதவு.

எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. "என்ரை அப்பா அந்தக் காரைத்தான் வைச்சுப் பிழைச்சவர்" என்றேன். அவர் நம்பவில்லை. இலங்கையிலா, மொறிஸ் மைனரா என்று கேட்டார்.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றால் ஏ போட்டி, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று எல்லாம் இங்கிலாந்துக் கிழவிகள். இங்கே அவை பழைய இரும்பாகப் போன காலத்திலும் அங்கே கலியாண மாப்பிள்ளையையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாயையும் ஏற்றிக்கொண்டு திரிந்தன. எங்கடை அப்பாவுடையது 1958இல் செய்தது, கறுப்பு. மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். அப்பா பெற்றோலை மருந்து மாதிரி ஒரு சின்னப் போத்தலில் வைத்திருப்பார். காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு, முன்னுக்குக் கம்பி போட்டுச் சுற்றி ஸ்ராட் எடுப்பார். இயந்திரம் சூடாகினபிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூட்டிலும் முழுக்க எரியாது. எரியாத மிச்சம் கீழே வழிந்து ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும். பின்னாலே ஒரே வெள்ளைப் புகை. பாரம் ஏறினால் இயந்திரம் தட்டத் தொடங்கும். அதற்காக அப்பா இக்னிசன் ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார். இதெல்லாம் அவர் புத்தகம் பார்த்துச் செய்தது இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தக் கராச்சைத் திறந்தபோது முதலில் வந்தது எலி மணம். நாலு ரயரும் காற்றுப் போய் நிலத்தோடு ஒட்டியிருந்தன. 1967இல் செய்த நாலு கதவுக் கார், 1098 சிசி, வெளிறிய பச்சை. முன்சீற்றில் அந்தத் தாயாரின் கையுறை ஒரு சோடி, மேலே தூசி. தள்ளினால் அசையவில்லை. பிறேக் சப்பாத்துகள் டிறம்மோடு துருவால் ஒட்டிப்போய் இருந்தன. மனிதர் இருநூறு பவுணுக்குத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவர லொறிக்காரன் நூற்றிருபது கேட்டான்.

என் மனைவி இங்கேதான் இருக்கிறா, ஆகவே அவதானமாகச் சொல்லவேண்டும். அவ ஒன்றும் பேசவில்லை. ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் "320" என்று எழுதினா. அந்தக் கொப்பி இப்ப முடியப்போகிறது.

அன்றிரவே அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவர் இப்பவும் மானிப்பாயில்தான். கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டது, "கம்பளத்தைத் தூக்கி நிலத்தைப் பாத்தனியோ?" என்று. நான் பார்க்கவில்லை. "பிறேக் என்ன மாதிரி?" என்று அடுத்த கேள்வி. "அப்பா, முதல் எஞ்சினை ஸ்ராட் பண்ணிப்பாப்பம்" என்றேன். எல்லோரும் செய்கிற பிழை அது. ஸ்ராட் வந்தால் கார் உயிர்த்துவிட்டது என்று நினைக்கிறோம்.

ஆனாலும் அந்த வேலையைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல விடுங்கள், எனக்குப் பிடித்த பகுதி அது. கனகாலம் நின்ற இயந்திரத்தைப் பற்றரி கொழுவி உடனே சுற்றக்கூடாது. பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். இழுத்தால் உடையும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய ஒயில் விட்டு, ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். பிறகு காற்றாடிப் பட்டியைப் பிடித்துக் கையாலே சுற்றிப் பார்த்தேன். முதல்நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் விரல் அகலம் அசைந்தது. ஐந்தாம் நாள் முழுச் சுற்று. அந்த இரவு வேலைக்குப் போய் மூடி அடிக்கிற மெசினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தாங்கிக்குள் இருந்த பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணத்தது. அதை ஊற்றிவிட்டுத் தாங்கியையும் மாற்றினேன். பெற்றோல் பம்பில் உள்ள சின்னத் தொடுமுனைகள் கறுத்துப்போய் இருந்தன. தேய்த்துவிட்டதும் "டிக் டிக்" என்று அடிக்கத் தொடங்கியது. பற்றரி கொழுவப்போகும்போது அப்பா வீடியோவில் கத்தினார்: "டேய், டேய், பொடிக்குப் பொசிற்றிவ்!" இந்தக் காலத்துக் கார்களில் நெகற்றிவ்தான் உடம்புக்கு. இதில் தலைகீழ். ஐம்பத்தாறு வருடத்துக் காரில் கை வைக்கும்போது எனக்குத் தெரிந்தது பாதி, தெரிந்ததாக நினைத்தது பாதி.

2024 தை மாதம், குளிரில், மூன்றாம் முயற்சியில் இயந்திரம் பிடித்தது. பக்கத்து வீட்டார் வந்து கைதட்டினார்கள். மகள் துள்ளினாள். நான் அந்தச் சத்தத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த குரல் பதிவு இவ்வளவுதான்: "ரப்பெற் சத்தம் கொஞ்சம் கூட. பிறேக் என்ன மாதிரி? ஓடுறது பெரிசில்லை மேனை, நிக்கவேணும்."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு நல்ல சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

இந்த இடத்தில் இன்னொரு ஆளும் கதைக்குள் வருகிறா. மனைவியின் அக்கா. அவவின் மகளுக்கு அந்த ஆனியில் சாமத்தியவீடு. பழைய காரில் பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கினால் வீடியோவுக்கு வடிவாக இருக்கும் என்று அவ கேட்க, நானும் பெரிய ஆள் மாதிரி ஓம் என்றுவிட்டேன். சட்டமும் எனக்குச் சாதகம். இந்த நாட்டில் நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 வைகாசியிலிருந்து எம்.ஓ.ரி. சோதனை கட்டாயம் இல்லை. றோட்டு வரியும் இல்லை, பதிவு மட்டும் செய்யவேண்டும். காப்புறுதி இருந்தால் காணும். இரண்டு மைல் தூரம். பிறேக் பெடலை ஒருக்கா மிதித்தால் கீழே போகும், இரண்டாம்தரம் மிதித்தால் பிடிக்கும். மெல்லமாகப் போகலாம்தானே என்று நினைத்தேன்.

மொறிஸ் மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ? பொன்னெற்றுக்குள் இல்லை. ஓட்டுபவரின் காலுக்குக் கீழே, நிலத்துக்கு அடியில், சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒயில் விடுகிற மூடி கம்பளத்துக்குக் கீழே. கண்ணில் படாதபடியால் சொந்தக்காரர் அதை மறந்துபோவார்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் உள்ளுக்குள் இருந்து சிலிண்டரை அரிக்கும். நாலு சில்லுக்கும் ஒரே ஒரு குழாய் வழிதான், இப்போதைய கார்கள் போல இரண்டு வழி இல்லை. ஒரு இடத்தில் போனால் எல்லாம் போகும். நான் அந்த மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கறுத்தக் கூழைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "இது ஒருக்கால் கழுவினாக் காணுமோ?" என்று கேட்டு.

அங்கே விடிய நாலு மணி இருக்கும். உடனே தொலைபேசி அடித்தது.

1995 ஐப்பசி 30. எனக்கு அப்ப ஏழு வயது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவு. மழை. எங்கள் காருக்குள் நடக்கமாட்டாத அப்பாச்சி, பிள்ளை வயிற்றோடு பக்கத்து வீட்டு அன்ரி, அம்மா, என் இரண்டு அக்காமார், நான். மேலே பாய், சட்டி, பானை. செம்மணி கழிந்து நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது றோட்டு முழுக்கச் சனம். காருக்கும் சனத்துக்கும் இடையில் கை வைக்க இடமில்லை. அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "மண்ணெண்ணெய் முடிஞ்சுது. அப்பாச்சியும் அன்ரியும் இருக்கட்டும், மற்ற எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ" என்றார். நானும் சேற்றுக்குள் நின்று தள்ளினேன். அப்பா கதவைத் திறந்து வைத்து, ஒரு கையை ஸ்ரியறிங்கில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். விடிய விடியத் தள்ளினோம். "மற்றாக்களின்ரை கார் ஓடுது, எங்கடை கார் மட்டும் ஓடேல்லை" என்று நான் அழுததாக அக்கா இன்றைக்கும் சொல்லுவா. எண்ணெய் முடிந்த கதையை நான் இந்த நாட்டுக்கு வந்தும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அந்த விடியற்காலையில் அப்பா தொலைபேசியில் சொன்னது இது. "எண்ணெய் முடியேல்லை மேனை. அரைக் கான் இருந்தது. பிறேக்தான் இல்லை. மாஸ்ரர் சிலிண்டர் ரப்பர் போட்டுது, தேடியும் கிடைக்கேல்லை. ஆறு மாசமாய் ஹான்பிறேக்கையும் கியரையும் வைச்சுத்தான் ஓடினனான். வெறும் றோட்டிலை அது காணும். அண்டைக்கு முன்னாலை சனம் பிள்ளையளைத் தோளிலை போட்டுக்கொண்டு நடக்குது. ஒருக்காக் கால் வழுக்கினா நாலு பேர். பிறேக் இல்லை எண்டு சொல்லியிருந்தா அப்பாச்சி காருக்குள்ளை இருந்திருக்கமாட்டா. அதாலை எண்ணெய் முடிஞ்சுது எண்டனான்."

அம்மாவுக்கும் சொல்லவில்லையாம். அம்மா 2016இல் மோசம் போனவ.

அந்தக் காரை நாங்கள் மீசாலையில் ஒரு மாமரத்துக்குக் கீழே விட்டோம். 1996இல் ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவர முடியவில்லை. பிறகு அப்பா சைக்கிளில் தேடிப் போனபோது மாமரம் நின்றது.

நான் மனைவியின் அக்காவிடம் போய், கார் வராது என்று சொன்னேன். காரணம் சொன்னேன், அவவுக்கு அது காரணமாகப் படவில்லை. பெரிய பென்ஸ் ஒன்று வாடகைக்கு எடுத்தார்கள். மூன்று மாதம் அவ என்னோடு கதைக்கவில்லை. இப்ப கதைக்கிறா, வடை இரண்டு கூடத்தான் வைக்கிறா.

மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீள ஆணிகளையும் வெளியே இழுக்கப் போனால், முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அந்தக் கம்பியின் இறுக்கத்தை இறக்கி, ஒரு பக்கம் தள்ளித்தான் ஆணி எடுக்கலாம். இதைப் பொருத்தினவன் திரும்பக் கழற்ற வருவான் என்று ஒருவரும் நினைக்கவில்லைப் போல. முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று, ஆக ஆறு சில்லுச் சிலிண்டர். எல்லாம் புதிது போட்டு, குழாய் எல்லாம் மாற்றினேன்.

அதற்காகக் கம்பளத்தை முழுக்கத் தூக்கினபோதுதான் அப்பா கேட்ட முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. நிலம் துருவாலே சல்லடை. பின் ஸ்பிறிங்கின் முன்முனையைப் பிடிக்கிற இடத்தில் ஸ்குறூட்றைவரை வைத்துக் குத்தினேன், கைபிடி வரை உள்ளே போனது. வெளியே பெயின்ற், உள்ளே ஒன்றுமில்லை. சாமத்தியப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடை ஏறியிருந்தால் பின் அச்சு இடம் பெயர்ந்திருக்கும்.

வெல்டிங் எனக்கு வராது. எங்கள் தொழிற்சாலையில் மெசின் திருத்துகிற போலந்துப் பொடியன் ஒருவன் பதினொரு ஞாயிறு வந்து ஒட்டித்தந்தான். காசு வாங்கவில்லை. ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் கேட்டான். உறைப்புக் குறைக்கவேண்டாம் என்றும் சொன்னான்.

ஒட்டுகிறதுக்கு வாங்கின நிலத்தகடு வந்த பெட்டியில் என்ன எழுதியிருந்தது தெரியுமோ? "மேட் இன் ஸ்ரீலங்கா". நான் பகிடி என்று நினைத்தேன். விசாரித்தால் உண்மை. 1990களின் தொடக்கத்தில், பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே இருந்த ஒரு நிலையத்தோடு சேர்ந்து, தென்னிலங்கையில் இந்தக் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று தொடங்கினார்கள். அதாவது அப்பா ஒரு ரப்பருக்கு வலிகாமம் முழுக்க அலைந்த காலத்தில், அதே தீவின் மற்றப் பக்கத்தில் மொறிஸ் மைனர் தகடுகளைச் செய்து கப்பலில் இங்கிலாந்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொன்னேன். "ம்" என்றார். "தகட்டின்ரை மொத்தம் என்ன?" என்று கேட்டார்.

பிள்ளைகளுக்காக இன்னொன்று. இந்தக் காரை வரைந்தவர் பெயர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னா என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர், இப்ப துருக்கியின் இஸ்மீர். 1922இல் யுத்தத்தோடு அந்தப் பட்டினம் எரிந்தது. தகப்பனுக்குப் பிரித்தானியக் குடியுரிமை இருந்தபடியால் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மால்ராவுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கேயே இறந்துபோக, தாயும் பொடியனும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். இங்கே படிக்கும்போது கணக்கில் மூன்று தரம் தவறினவர். முதல் மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று பட்டதும், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தார். பொன்னெற்றின் நடுவில் ஓடுகிற அந்த அகலப் பட்டி அதன் அடையாளம். கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவில்லை, முட்டை அவிச்ச மாதிரி இருக்கிறது என்றாராம். 1948இல் வெளிவந்து, பத்து லட்சம் தாண்டின முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1970களின் தொடக்கத்தில் நிறுத்தும்போது பதினாறு லட்சத்துக்கு மேல். பிறகு மினி காரையும் அவர்தான் வரைந்தார். வீட்டில் கணக்குக்கு அடி வாங்குகிற பிள்ளைகள் இதைத் தாய் தகப்பனுக்குச் சொல்லலாம், என் பெயரைச் சொல்லவேண்டாம்.

பெற்றோலைப்பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் இங்கே வந்த ஈ10 பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல். அது பழைய ரப்பர் குழாயை அரிக்கும். ஆகவே குழாய் மாற்றி, விலை கூடின ஈ5 அடிக்கிறேன். ஈயம் சேர்த்த பெற்றோல் 2000இலிருந்து கடைகளில் இல்லாதபடியால் வால்வ் இருக்கைகளுக்காக ஒரு திரவமும் கலக்கிறேன். அப்பாவுக்கு இது பெரிய சிரிப்பு. "மண்ணெண்ணெயிலை ஓடின சாதி அது" என்பார்.

2025 புரட்டாதியில், சட்டம் கேட்காவிட்டாலும், எம்.ஓ.ரி.க்குக் கொண்டுபோனேன். சோதித்த பொடியனுக்கு ஹெட்லைற் மாற்றுகிற சுவிச் காலடியில் இருப்பது தெரியவில்லை, காட்டிக்கொடுத்தேன். ஆனால் பிறேக் அளக்கிற உருளையில் ஏற்றினதும் அவன் முகம் மாறியது. பின் இடது சில்லுப் பிடிக்கவில்லை. தவறிவிட்டது. வீட்டில் கழற்றிப் பார்த்தால் நான் பொருத்தின புதுச் சிலிண்டர் தன் பள்ளத்தில் நகராமல் இறுகி நிற்கிறது. நான்தான் துருவை வடிவாகத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். இரண்டு கிழமையில் திரும்பப் போய்ச் சித்தியடைந்தோம்.

முதல் ஓட்டத்துக்கு அந்த வெள்ளைக்கார மனிதரைத்தான் பக்கத்தில் ஏற்றினேன். தாயாரின் கையுறையை எடுத்து வைத்திருந்து கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். பின்சீற்றில் மகள், புதிதாகப் பூட்டின பட்டியோடு, அப்பப்பாவை வீடியோவில் பிடித்துக்கொண்டு. குறுக்குச் சந்தி வந்தது, சிவப்பு விளக்கு. மெல்லமாக மிதித்தேன். ஒரே மிதியில், நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. பின்னுக்கிருந்து தொலைபேசியில் அப்பாவின் குரல்: "இப்பதான் சரி."

பிறகு அவர் கன நேரம் கதைக்கவில்லை. தொடுப்பு அறுந்துவிட்டது என்று மகள் சொன்னாள். அறுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மொத்தச் செலவைக் கேட்காதீர்கள், கொப்பி மனைவியிடம் இருக்கிறது. இன்றைக்குக் காரை ஏன் கொண்டுவரவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். றோட்டில் உப்புப் போட்டிருக்கிறார்கள், புதுத் தகட்டுக்குக் கூடாது. சித்திரை விழாவுக்கு மண்டப வாசலில் நிற்கும். பிள்ளைகள் ஏறி இருக்கலாம், ஹோர்ன் அடிக்கலாம். கதவை மட்டும் மெல்லமாகச் சாத்துங்கோ, பிணைச்சல் பழசு.